பாலை வழியில் ஒரு பிரயாணம்

பாலைவனம் என்றவுடன் அரேபியாவின் மணற்பரப்பும் ஒட்டகமுமே நம் மனக்கண்முன் தோன்றுதல் வழக்கம். நம் முன்னோரோ பாலையைத் தனி நிலமாகக் கொள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நின்ற நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் உரைக்கின்றது. இதனை வகுப்பிற் பலமுறை ஒப்பித்திருந்தும், அதன் பொருளைச் சென்ற சித்திரையில் ஒரு நண்பகலிலேதான் நாங்கள் அறிந்தோம்.

எங்கள் ஊர் இராஜபாளையத்தை அடுத்த சோழபுரம். அங்கிருந்து மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு முற்பகலில் முடியும் பிரயாணமே எனினும், பழம்பெருஞ் சாலையாதலின் அதனை நின்று நிதானித்துக் காண விரும்பி, நண்பர் மூவர் மிதிவண்டியிற் புறப்பட்டோம்.

விடியற்காலையில் மேற்கே மலைத்தொடர் நீலமாய் உடன் வந்தது. அம்மலையே எங்கள் பக்கத்து வறட்சிக்கும் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் மலைக்கு அப்பால் மலையாள நாட்டிற் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் இப்புறம் இறங்குகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் எங்கள் கண்மாய்கள் வெறுந் தரைகளே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கிச் சரித்திரம் பேசலானோம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், ஆண்டாள் சந்நிதியில் உச்சிக்கால பூஜை முடிந்த பின்னரே உணவருந்துவார் என்றும், அச்செய்தியை மதுரைக்கு அறிவிக்க வழிநெடுக மண்டபங்கள் அமைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முரசொலி செல்லச் செய்தார் என்றும் கூறுவர். 1689-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து, மரம் நட்டு, சத்திரங்கள் கட்டியதையும் ஒருவருக்கொருவர் பெருமையுடன் எடுத்துரைத்தோம். இவ்வாறு பேசிக் களித்ததில் மணி பத்தைத் தாண்டிவிட்டது.

கிருஷ்ணன்கோவிலைக் கடந்ததும் வெயில் உக்கிரமாயிற்று. வழியிற் கடை இருக்கும் என்ற துணிவால், குடிக்க வைத்திருந்த தண்ணீரை முகத்திலும் தலையிலும் தாராளமாய் ஊற்றிக்கொண்டோம். எங்களுள் இளையவர் தம் பங்கைச் சேமித்து வைத்திருந்தார். அதனையும் விளையாட்டாகப் பறித்துச் செலவிட்டோம். புதிதாய் அகன்ற சாலையோ ஊர்களை விலக்கிச் சென்றது. கடையும் இல்லை, நிழலும் இல்லை. இருபுறமும் வெடித்த கரிசலும் சீமைக்கருவேலுமே. தார்ச்சாலையில் கானல் நீர் குளம்போல் மின்னி, நெருங்க நெருங்க விலகிற்று. திடீரென இளையவர் வண்டியோடு சாய்ந்தார். உடல் அனலாய்க் கொதித்தது, பேச்சுக் குழறிற்று. அவருடைய தண்ணீரைக் கொட்டிய எங்கள் கைகள் நடுங்கின.

சற்றுத் தொலைவில் சிதைந்த கல்மண்டபம் ஒன்று தென்பட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு அங்கு ஓடினோம். உள்ளே மூதாட்டி ஒருவர் தம் ஆடுகளுடன் ஒதுங்கியிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, தம் முந்தானையை நனைத்து நண்பரின் கழுத்திலும் மார்பிலும் ஒற்றி விசிறினார். பேச்சுத் தெளிந்த பிறகே, தூக்குச்சட்டியிலிருந்த நீராகாரத்தில் உப்பிட்டுச் சிறிது சிறிதாய்ப் புகட்டினார்.

"ஏன்யா, வெயிலேறுன பொறவா இந்த ரோட்டுல வருவீக? புளியமரம் நின்னப்ப நாங்களே நடந்து போவோம், இப்ப ஆடுகூடப் போகாதேய்யா" என்றார்.

"உங்களுக்குத் தண்ணீர் வேண்டாமா பாட்டி?" என்றோம். "பொழுதுசாய வீட்டுல போய்க் குடிச்சுக்கிடுவேன்" என்று சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

வெயில் தணிந்தபின் மெல்ல நடந்து கல்லுப்பட்டி சேர்ந்து, அங்கே மருத்துவரிடம் நண்பரைக் காட்டி, இரவு தங்கினோம். மறுநாள் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் மிதிவண்டியில் மதுரை வந்தோம். புகைவண்டி நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தின் முன் மூவரும் மீண்டும் கூடினோம். அப்பெயரை வாசித்தவுடன் எங்களுள் ஒருவர், "அந்தப் பாட்டியின் பெயர் என்ன?" என்றார்.

அரசர் பெயரையும் ஆட்சி ஆண்டுகளையும் வழிநெடுக ஒப்பித்து வந்த எங்களுக்கு அதனைக் கேட்கத் தோன்றவே இல்லை. வெட்கித் தலைகுனிந்து நின்றோம்.