'டக்'குன்னு ஒரு சத்தம்

கார்ல ஏசி பட்டனை அமுக்கின உடனே பானெட்டுக்குள்ளேருந்து 'டக்'குன்னு ஒரு சத்தம் வருமே, கவனிச்சிருக்கீங்களா மக்களே? பதினோரு வருஷமா அதே காரைத்தான் ஓட்டறேன். சத்தம் நின்னுபோன அப்புறம்தான் அப்படி ஒண்ணு இருந்ததே உறைச்சுது.

2024 கத்திரி வெயில். அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். குரோம்பேட்டையிலேருந்து கிளம்பி கிண்டி தாண்டிப் போகணும், நாலு மணி நேரம் மெஷின்ல படுத்துட்டு மத்தியானம் ஒரு மணி வெயில்ல திரும்பணும். டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும், தண்ணி கணக்குதான் பெரிய கொடுமை. அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு நாளைக்கு 700 மில்லி. காபி, மோர், ரசம் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். வேர்த்து விறுவிறுத்து நாக்கு வறண்டாலும் ஒரு வாய்க்கு மேல கொடுக்க முடியாது. அதனால ஏசிங்கறது எங்களுக்குச் சொகுசு இல்லை. (பக்கத்து வீட்டு மாமா "அந்தக் காலத்துல நாங்கல்லாம்..."னு ஆரம்பிச்சப்ப நான் நகர்ந்துட்டேன்.)

கோளாறு இதுதான். கிளம்பறப்ப ஜில்லுன்னு வரும். இருபது நிமிஷத்துல, சொல்லி வச்ச மாதிரி பல்லாவரம் தாண்டினதும் அனல் காத்து. அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிட்டா மறுபடி ஜில்லு.

ஏசி ஸ்பெஷலிஸ்ட்னு போர்டு போட்ட ஒரு கடைக்குப் போனோம். கேஜ் மாட்டிப் பார்த்துட்டு கேஸ் சரியா இருக்குன்னார். அடுத்த வாக்கியமே "கம்ப்ரசர் போச்சு சார், புதுசு மாத்தினா 28,000 ஆகும்." ஏன் போச்சு, ஆறினா எப்படி உயிர் வருதுன்னு கேட்டேன். "பழைய வண்டி இல்லியா சார்..." டயாலிசிஸுக்கு எடுத்து வச்சிருந்த பணம்தான் கையில இருந்தது. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

அப்புறம் ஆபீஸ் நண்பர் சொல்லி புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பாய்கிட்ட போனேன். அறுபது வயசு இருக்கும். கேஜையே எடுக்கலை. எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். "கோளாறு வரட்டும் சார், வராம எப்படிப் பார்க்கறது?" அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன். கம்ப்ரசர் முகப்புல இருக்கற புல்லி, எஞ்சின் ஓடற வரைக்கும் பெல்ட்டோட சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், ஏசி போட்டாலும் போடாட்டியும். அதுக்குப் பின்னாடி ஒரு காயில். ஏசி போட்டதும் காயில்ல கரண்ட் பாய்ஞ்சு காந்தமாகி, முன்னாடி இருக்கற பிளேட்டை 'டக்'குன்னு புல்லியோட ஒட்ட வைக்கும். அப்பதான் கம்ப்ரசர் சுத்தும். ஒட்டாதப்ப ரெண்டுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கணும். வருஷக்கணக்கா ஒட்டி ஒட்டித் தேய்ஞ்சு அந்த இடைவெளி அதிகமாயிடும். காயில் சூடாக ஆக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரண்ட் குறையும், காந்தத்தோட பலமும் குறையும். ஒட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்லை. உள்ளே பனி கட்டக் கூடாதுன்னு ஏசி தானா கட் ஆகி மறுபடி ஆன் ஆகுமில்ல, அப்ப அகலமான இடைவெளியைத் தாண்டிப் பிளேட்டை இழுக்கத் தெம்பு இருக்காது. பல்லாவரத்து ரகசியம் இவ்வளவுதான் :-)

இருபத்தஞ்சு நிமிஷத்துல கிளட்ச் விட்டுடுச்சு. பாய் காயில் கனெக்டர்ல மீட்டரை வச்சார். 13 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. "கரண்ட் வருது சார், இவன்தான் பிடிக்க மாட்டேங்கறான்." கரண்டே வரலைன்னா ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச்னு வேற பக்கம் தேடணுமாம். எஞ்சினை நிறுத்திட்டு ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தா 0.9 மில்லிமீட்டர். எங்க வண்டிக்கு இருக்க வேண்டியது 0.35லேருந்து 0.65 வரைக்கும்.

முன் சக்கரத்தைக் கழட்டி, உள்பக்க பிளாஸ்டிக்கை விலக்கி, நடு போல்ட்டை எடுத்துப் பிளேட்டை உருவினார். ஷாஃப்ட்ல ரெண்டு மெல்லிசு வாஷர், ஷிம்னு சொல்றாங்க. 0.4 கனமுள்ள ஒண்ணை எடுத்துட்டு மறுபடி மாட்டி, சுத்திவர மூணு இடத்துல அளந்தார். 0.5. ரொம்பக் குறைச்சாலும் ஆபத்துதானாம், ஏசியை நிறுத்தின பிறகும் பிளேட் உரசிக்கிட்டே இருந்து கருகிடும்.

கேஸைத் திறக்கவே இல்லை. கூலி 600 ரூபாய். ஷிம்மை என் கையில கொடுத்து, "சார், இது ஒரு சீசனுக்குத்தான். பேரிங் லேசா சத்தம் போடுது. கிர்ருனு கேட்டா தள்ளிப் போடாதீங்க, அது ஜாம் ஆச்சுன்னா பெல்ட்டை அறுத்துடும்"னார். எங்க வண்டியில அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் ஓட்டுது. பெல்ட் போனா நடு ரோட்டுல அப்பாவோட நிக்க வேண்டியதுதான்.

மறுநாள் பல்லாவரம் தாண்டினதும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு 'டக்' சத்தத்துக்குக் காத்திருந்தேன். வந்தது. அப்பா ஒண்ணும் சொல்லலை, தூங்கிட்டு இருந்தார். திரும்பி வர்றப்ப மட்டும், "காத்தை அந்தப் பக்கம் திருப்புடா, குளிருது"ன்னார்.

ஆகஸ்ட்ல அந்தக் கிர் சத்தம் வந்துடுச்சு. ஏசியை அணைச்சாலும் கேட்டுது, அப்படின்னா பெரும்பாலும் புல்லி பேரிங்தான். ஏசி போட்டா மட்டும் கேட்டாதான் கம்ப்ரசர் உள்ளே சந்தேகப்படணும். ஜி.பி. ரோட்டுல புல்லி, பிளேட், காயில் மூணும் சேர்ந்த செட் 4,200 ரூபாய்க்குக் கிடைச்சுது. டயாலிசிஸ் இல்லாத ஒரு வியாழக்கிழமை பாய் ரெண்டு மணி நேரத்துல மாத்திக் கொடுத்தார். 28,000 ரூபாய்க்குப் "போன" கம்ப்ரசர் இன்னும் அதேதான் ஓடிக்கிட்டு இருக்கு.