திரிகடி அளவு

நாட்டு மருந்துக் கடையில் கிராம் கணக்குச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. "பத்து ரூபாய்க்குச் சித்தரத்தை, இருபது ரூபாய்க்கு அதிமதுரம்" என்பார்கள். "பிள்ளை பெத்த வீட்டுச் சாமான் ஒரு செட்டு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்பவர்களும் உண்டு. கடைக்காரர் டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி, தாளில் மடித்து, நூலைச் சுற்றி நீட்டிவிடுவார். புதிதாகப் போகிறவருக்கு, அளவே இல்லாத வியாபாரமாக இருக்கிறதே என்று தோன்றும். அளவெல்லாம் அந்தப் பொட்டலம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

எங்கள் அப்பத்தாவிடம் ஸ்பூன் கணக்குக் கிடையாது. சூரணம் என்றால் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து எடுக்கிற அளவு. அதற்குத் திரிகடி என்று பெயர். ஐந்து விரல் நுனியும் சேர்ந்து எடுத்தால் வெருகடி. லேகியம் பெரியவர்களுக்கு நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. பச்சிலை அரைத்தால் கொட்டைப்பாக்கு அளவு உருட்டுவார். சித்த மருத்துவ நூல்களில் வருகிற அளவுகளும் இவைதான். தீபாவளி அன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் முதலில் லேகியம்தான் கைக்கு வரும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், தனியா எல்லாம் அரைத்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிண்டியது. இனிப்பும் காரமும் நாக்கில் நிற்கும்போதே மறுபடி கையை நீட்டினால், "இதென்ன அல்வாவா? மருந்துடா" என்று கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிடுவார்.

கைவைத்தியம் பற்றிப் பேச உட்கார்ந்தால் நாம் பொருள்களின் பெயர்களைத்தான் அடுக்குகிறோம். சளிக்குத் தூதுவளை, வயிற்றுக்கு ஓமம், பல்லுக்குக் கிராம்பு, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி. இந்தப் பட்டியல் யாருக்கும் மறக்கவில்லை. எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது, எப்போது நிறுத்த வேண்டும் என்கிற மறுபாதிதான் கை நழுவிப் போயிருக்கிறது. என்னைக் கேட்டால் வைத்தியம் என்பது அந்த மறுபாதிதான்.

உரைமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு சின்ன உரைகல்லும், ஒரு துணிமுடிச்சில் சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பும் இருக்கும். இவற்றை அவித்து, வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பார்கள். வசம்பை மட்டும் விளக்கெண்ணெய் விளக்கில் காட்டிக் கரியாகச் சுடுவார்கள். கல்லில் தாய்ப்பாலை இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் வட்டமாக ஒரு இழைப்பு. கல்லில் படிகிற மெல்லிய பழுப்புத் தடம்தான் மருந்து. அதை விரலால் வழித்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். மாதம் ஏற ஏற இழைப்பு ஒன்று கூடும். ஜாதிக்காயில் மட்டும் கை நடுங்கும். "ரெண்டு சுத்துக்கு மேல போனா பிள்ளை மயங்கிக் கிடக்கும்" என்பார் அப்பத்தா.

இன்றைக்குக் குழந்தை மருத்துவரிடம் உரைமருந்து என்று சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வார். முதல் 6 மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வசம்பில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. சோதனை எலிகளுக்கு அது புற்றுநோயை உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா உணவில் வசம்பைச் சேர்க்கத் தடை விதித்தது. ஜாதிக்காயில் இருக்கிற மிரிஸ்டிசின் அளவு மீறினால் மயக்கமும் பிதற்றலும் தரும். இந்த விஷயத்தில் நான் மருத்துவர் பக்கம்தான். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு உரைகல் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜாதிக்காயைக் கண்டு இரண்டு பேரும் பயந்திருக்கிறார்கள். மிரிஸ்டிசின் என்ற பெயர் தெரியாமலே அப்பத்தா இரண்டாவது சுற்றில் கையை எடுத்தார்.

செய்முறையும் ஒருவகை அளவுதான். சுக்கை மேல்தோல் சீவாமல் உரலில் போடக் கூடாது. கடுக்காய்க்கு உள்ளே இருக்கிற கொட்டையை எடுத்துவிட வேண்டும். கஷாயத்துக்குச் சாமான்களைக் கொரகொரப்பாக இடித்து, நாலு பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டுகிற வரை சிறுதீயில் வைக்க வேண்டும். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும். காய்ச்சியது அன்றைக்கே தீர வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. அரை மணி நேரம் அடுப்படியில் நின்று செய்கிற வேலை என்பதால் யாரும் குடம் குடமாகக் காய்ச்சவில்லை. குடிக்கிற வாய்க்கும் அது கசந்தது. உழைப்பும் கசப்பும் சேர்ந்து அளவைக் காவல் காத்தன.

மஞ்சளோடு மிளகைச் சேர்க்கிற வழக்கத்தையும் பிற்பாடு சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். மஞ்சளின் குர்குமின் உடம்பில் லேசில் ஏறாது; உள்ளே போன வேகத்தில் வெளியேறிவிடும். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பெரின், அதாவது மிளகின் காரச்சத்து, சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு எடுத்துக்கொண்ட குர்குமின் 20 மடங்காக உயர்ந்தது. பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் குடிக்கிற நமக்கு இதைக் கேட்டால் காலரைத் தூக்கிவிடத் தோன்றும்.

அதற்குள் தூக்கிவிட வேண்டாம். சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான் இருக்கும். ஒரு டம்ளர் பாலில் விழுகிற சிட்டிகையில் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே குர்குமினைப் பிழிந்தெடுத்து, மிளகுச்சத்தும் சேர்த்து மாத்திரையாக்கித் தினம் விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் சாதுவாகக் கிடந்த இரண்டு சாமான்கள், அளவு மாறியதும் குணமும் மாறிவிட்டன.

மஞ்சள் என்றதும் காப்புரிமைக் கதையும் வந்துவிடும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வழக்காடி, 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. அப்போது நாமெல்லாம் மார்தட்டிக்கொண்டோம், தட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அங்கே நிலைநாட்டப்பட்டது, இந்த உபயோகம் புதிதல்ல, எங்களுக்குக் காலங்காலமாகத் தெரியும் என்பது மட்டும். எந்தப் புண்ணுக்கு, எவ்வளவு, எத்தனை நாளில் ஆறும் என்பதெல்லாம் தனி விசாரணை. வழக்கத்தில் இருப்பதற்கும் பலிப்பதற்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதைத் தாண்டத்தான் வேண்டும்.

சில மூலிகைகள் தாண்டியிருக்கின்றன. ஆடாதோடை இலையில் இருக்கிற வாசிசினை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து பிறந்தது. மருந்துக் கடையில் வாங்குகிற சளி சிரப்பு பலவற்றில் அது இருக்கிறது. கிராம்பு எண்ணெயின் யூஜினால் பல் மருத்துவமனையின் நிரந்தர வாசனை. பல்லை அடைக்கிற தற்காலிகச் சாந்தில் துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைக்கிறார்கள். சில, பாதிவழி வந்து நின்றுவிட்டன. 1988இல் லான்செட் இதழில் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவின் கட்டுரை வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது என்றது கட்டுரை. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லிக்கு இதனால் அவமானம் ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்கிற அளவுக்கு அதை மதித்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது கைபேசியில் வருகிற வைத்தியத்துக்கு மதிப்பும் தெரியாது, பயமும் தெரியாது. "தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்" என்று முடியாத குறிப்பே இல்லை. சுகரோ, பிரஷரோ, கர்ப்பிணியோ, எல்லாருக்கும் அதே டம்ளர். கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரைக் காபி மாதிரி இரண்டு வேளை மாதக்கணக்கில் குடித்தவர்களை நான் அறிவேன். அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டே நாளைக் கழித்த சிநேகிதர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. வாரக்கணக்கில் மிகுதியாகச் சாப்பிட்டால் அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பது மருத்துவப் பாடப் புத்தகத்தில் இருக்கிற சங்கதி. "இயற்கைதானே, நல்லது பண்ணாவிட்டாலும் கெடுதல் பண்ணாது" என்றார். எட்டிக்கொட்டையும் இயற்கைதான். மருந்தாகவும் ஆகும், ஆளையும் கொல்லும்.

அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு மூன்று நாள் கஷாயம், அதற்கு மேல் ஆஸ்பத்திரி என்று ஒரு கணக்கு இருந்தது. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு அது சரிப்பட்டது. டெங்குவில் அந்தக் கணக்கு உதவாது. காய்ச்சல் விடுகிற சமயம்தான் அதில் ஆபத்து தலைதூக்கும். கஷாயம் கேட்டுவிட்டது என்று வீடு நிம்மதியாக இருக்கும் நேரத்தில் உள்ளே ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கும். ஆகவே அந்த எல்லைக்கோட்டை நாம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எல்லைக்கோடு என்று ஒன்று வேண்டும் என்று அந்த வீடு அறிந்திருந்தது.

சென்ற மழைக்காலத்தில் வெளியூரில் இருக்கிற மகள் போன் செய்து, சளிக்கு என்ன கஷாயம் போடுவது என்று கேட்டாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை என்று பெயர்களை ஒரு வரியில் எழுதிவிட்டு, அதன் கீழே வளவளவென்று எழுதினேன். எவ்வளவு போடுவது, எப்படிச் சுண்ட வைப்பது, எத்தனை வேளை, வயிற்றுப் புண் இருந்தால் வேண்டாம், பிள்ளை உண்டாகியிருந்தால் ஆடாதோடை கூடவே கூடாது, மூச்சு இளைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "இத்தனை கண்டிஷன் இருக்குன்னா நான் மாத்திரையே போட்டுக்கிறேன்மா."

போட்டுக்கொள் என்றேன். எத்தனை வேளை, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்று அட்டைப் பெட்டிக்குள் ஒரு சீட்டு மடித்து வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே டம்ளர் என்று சொல்கிற கஷாயத்தைவிட, அந்தச் சீட்டுத்தான் எங்கள் அப்பத்தாவுக்குச் சொந்தக்காரி.