வெட்கத்தால பொறுத்துக்கொண்ட எரிவு

கலியாணம் முடித்த சகோதரிகளுக்கான பதிவு இது. சகோதரர்களும் வாசித்தால் நல்லது.

சம்பூரில் படிப்பிக்கிற நாங்கள் சிலர் இடைவேளையில் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு டீச்சர் மெதுவாகச் சொன்னா, கணவரோடு சேர்ந்த மறுநாள் சிறுநீர் கழிக்கவே பயமா இருக்காம், அவ்வளவு எரிவு. மூன்று மாதமாம். (அவவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.) கடமையான குளிப்பில் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளேயும் கழுவுவாவாம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களில் பாதிப்பேர் அதையேதான் செய்திருக்கிறோம்.

குளிப்பு நிறைவேறத் தண்ணீர் போதும், சவர்க்காரம் நிபந்தனை இல்லை. பெண்ணுறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தப்படுத்தும். அங்குள்ள நல்ல பக்டீரியாக்கள் புளிப்புத்தன்மையை உண்டாக்கி நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. மருந்து ஊற்றினால் அவையும் சேர்ந்து சாகும். உராய்ந்த தோலில் வாசனைச் சவர்க்காரம் பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

ஒருவழியாக அவவை மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கூட்டிப்போனோம். வெளிப்பகுதியை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொன்னா. குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம், ஐஸை நேரே வைக்கக்கூடாது. வெளித்தோலில் மெல்லிசாக வாசனையில்லாத வெஸ்லின், தளர்வான பருத்தி உடுப்பு. ஆறும்வரை சேராமல் இருக்க வேண்டும்.

பிறகு மிஸ்ஸி கேட்ட கேள்விதான் முக்கியம்: "பிள்ளைக்குப் பால் குடுக்கிறீங்களா?" பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைந்து அந்த இடம் வறண்டுபோகும். மாதவிடாய் நின்ற பிறகும் அப்படித்தான். இவ விலகி விலகிப் போனதைக் கணவர் அன்பு குறைந்துவிட்டது என்று எடுத்து, இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். எல்லாம் வறட்சியால் வந்த வினை.

வறட்சிக்கு, தண்ணீர் சேர்ந்த வழுக்குஜெல் பாமசியில் கிடைக்கும். ஆணுறை பாவிப்பவர்கள் தேங்காய் எண்ணெய், வெஸ்லின் பூசிச் சேர வேண்டாம், ரப்பர் கிழியும். பாமசியில் சும்மா கேட்டு வாங்கும் ஸ்டெரொயிட் கிறீமும் வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, கொப்புளம், புண், நாற்றமுள்ள வெள்ளை, தயிர் மாதிரித் திரள், காய்ச்சல், அடிவயிற்று வலி, சேர்ந்த பின் இரத்தம், சிறுநீரில் விடாத எரிவு இருந்தாலோ டொக்டரிடம் போங்கள். சிலவேளை கணவருக்கும் மருந்து தேவைப்படும். எம்.ஓ.எச். பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் இலவசம். 35 வயதானால் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் செய்வார்கள்.

மார்க்கத்தைக் கேட்டுப் படிக்க வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா நாயகி புகழ்ந்திருக்கிறார்கள். நாங்கள் மிஸ்ஸியிடம் கேட்கவே மூன்று மாதம் எடுத்தோம்.

டீச்சருக்கு இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ். ஜெல் வாங்கப் போனது கணவர்தான். மூதூர் பாமசியில் தெரிந்த முகங்கள் என்று திருகோணமலை டவுன்வரை போய் வாங்கி வந்தாராம்.