கூட்டாமலும் குறைக்காமலும்

மறைந்தவர்களின் நிழற்படம் நமக்கு அவர்கள் முகத்தைக் காட்டுகிறது. ஆனால் மூச்சு வாங்குவதும், சொல் தேடித் தயங்குவதும், இடையே சிரிப்பதும் படத்தில் ஏது? அவற்றைக் குரல் ஒன்றே சுமந்து வருகிறது. ஆகவேதான் 1999இல் மறைந்த எங்கள் அம்மாவின் குரல் பதிந்த ஒரே ஒலிநாடாவை, அன்னவாசல் வீட்டு மரப்பெட்டியில் இத்தனை ஆண்டுகளாகக் காத்து வந்தோம். 1991இல் முதற்பேரனுக்கு அம்மா பாடிய தாலாட்டு அது. பின்னால் எங்கோ உலக்கை இடிக்கும் ஓசையும் கேட்கும்.

ஒலிநாடா என்றென்றும் நிலைப்பதன்று. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் பூசிய காந்தத் துகள்களே குரலைத் தாங்கி நிற்கின்றன. ஓட்டுந்தோறும் அவை சிறிது தேய்கின்றன. அந்தத் தாலாட்டில் உறங்கிய அக்கா மகனே, சென்ற கோடையில் அதனைக் கணினியில் ஏற்றினான். ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறித்துக்கொள்ளும் முறை அது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் அளவும் அதுவே. மனிதச் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். அதன் இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக அளந்தால் எதுவும் தப்பாது என்பது கணக்கு.

உடன்பிறந்தோர் அனைவரும் கூடி மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்தோம். பாட்டு எழுந்தது. ஆயினும் எங்கள் உள்ளம் நிறையவில்லை. முணுமுணுப்பும் முழுக்குரலும் ஒரே உரப்பில் ஒலித்தன. அம்மா மூச்சு விட நிறுத்திய இடங்களிலெல்லாம் நாடாவின் இரைச்சல் பொங்கி எழுந்தது. அண்ணன் நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, “அம்மா குரல்தான்; ஆனால் அம்மா இல்லை” என்றார்.

“பதிவில் குறையில்லை மாமா. கணினிதான் தன் பங்குக்கு ஏதோ சேர்க்கிறது” என்றான் மருமகன். ஒலி அமைப்புகள் பகுதியைத் திறந்து காட்டினான். ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற மேம்பாட்டு வசதி இயங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய ஒலியை உயர்த்தி, வலிய ஒலியைத் தாழ்த்திச் சமன் செய்வது அதன் பணிகளுள் ஒன்று. திரைப்பட உரையாடலைக் கேட்க அது உதவும். தாலாட்டுக்கோ அதுவே பகை. குழந்தையின் கண் செருகச் செருகக் குரல் தணிந்துகொண்டே போவதுதானே தாலாட்டின் உயிர்?

அவன் அதனை நிறுத்தினான். கணினியின் வெளியீட்டு அளவு 48,000 என்றிருந்ததைப் பதிவுக்கேற்ப 44,100 ஆக்கினான். இரண்டும் வேறுபட்டால், ஒவ்வொரு 147 அளவுகளுக்கும் 160 அளவுகளைக் கணினி தானே கணக்கிட்டு நிரப்பவேண்டும். இக்காலக் கணினிகள் இதனைத் திறம்படச் செய்வதால் செவிக்கு வேறுபாடு புலப்படுவது அரிது. எனினும் வேண்டாத வேலையைக் குறைப்பதில் தவறில்லை. அடுத்து, மின்சிக்கன ஏற்பாட்டை விலக்கினான். கணினி ஒலியைச் சிறு சிறு பகுதிகளாகத் தற்காலிக நினைவகத்தில் நிரப்பி, அங்கிருந்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நிரப்புவது தாமதித்தால் ஒலி அறுபட்டுப் படபடக்கும்.

மீண்டும் கேட்டோம். இரைச்சல் இருந்தது, ஆனால் ஓரமாய், ஒரே சீராய் இருந்தது. அதன் நடுவே குரல் தணிந்து தணிந்து இறங்கியது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வழக்கு அத்தோடு தீரவில்லை. இரைச்சலை மென்பொருளால் அறவே நீக்கி, அந்தப் பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றாள் தங்கை. செவி மங்கிய சின்னம்மாவோ, “முன்னே வைத்ததுதான் எனக்கு நன்றாகக் கேட்டது” என்றார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. சிந்தித்தபோது ஒன்று தெளிவாயிற்று. அமைப்பை மாற்றினால் கேட்கும் விதமே மாறுகிறது, பதிவு மாறுவதில்லை. சின்னம்மாவுக்காக மேம்பாட்டை இயக்கலாம், பிறகு நிறுத்திவிடலாம். ஆனால் பதிவிலிருந்தே இரைச்சலை வழித்தெடுத்தால், அதனோடு கலந்த மூச்சொலியும் போய்விடக்கூடும். போனதை எந்த அமைப்பாலும் மீட்க இயலாது. எனவே மூலப்பதிவைத் தொடாமல் இரண்டு இடங்களில் காப்பது என்றும், தூய்மை செய்வதாயின் வேறொரு பிரதியில் செய்வது என்றும் முடிவு செய்தோம்.

எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள குடுமியான்மலையில், பாறைமேல் பழங்காலத்து இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன், மாணாக்கர் நலங்கருதி ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகளைப் பொறிக்கச் செய்தான். நூற்றாண்டுகள் கடந்தும் எழுத்து நிற்கிறது. அதைப் பாடிய குரல் நம்மிடம் இல்லை. கல்லுக்கும் கிட்டாத பேறு நம் வீட்டுப் பழைய ஒலிநாடாக்களுக்குக் கிட்டியிருக்கிறது. அவை முற்றும் தேய்வதற்குள் பதிவு செய்துகொள்வோம். பின்னர் அவரவர் செவிக்கேற்பக் கணினியை அமைத்துக்கொள்வோம். மூலக் குரலைத் திருத்த முனையாதிருப்போம். நாம் நேசிப்பவர்களை அவர்கள் இருந்தபடியே கேட்பதும் அன்பின் ஒரு வகை அன்றோ?