மீனின் கிருகப் பிரவேசம்

மனிதர் புது வீடு குடிபுகும்போது நாள் பார்க்கிறார்கள், பால் காய்ச்சுகிறார்கள், உற்றாரை அழைத்து விருந்திடுகிறார்கள். மீன் குடிபுகும்போது மட்டும் நமக்கு எங்கிருந்தோ அவசரம் வந்துவிடுகிறது. கடையில் வாங்கிய பையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறோம். அவற்றுள் பல ஒரு வாரத்திற்குள் மாண்டு மிதப்பதில் வியப்பில்லை.

என் மகள் தங்க மீன் வேண்டுமென்று கேட்டபோது, "ஆகட்டும், ஆனால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும்" என்றேன். காரணம் இதுதான். மீனின் உடலிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு ஓயாமல் வெளிப்படுகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதையும் மாற்றி, அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகிறது. புதுத் தொட்டியில் இவ்வுயிர்கள் போதிய அளவில் இரா. வடிகட்டியின் பஞ்சில் அவை பெருகுவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். ஆகவே குளோரின் நீக்கிய 100 லிட்டர் ஜலத்தில் தினந்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைத் தூவி வந்தேன். அது அழுகி, அந்த உயிர்களுக்கு வேண்டிய அம்மோனியாவைத் தரும்.

"குடியிருப்பார் இல்லாத வீட்டில் நித்திய சமாராதனையா?" என்று என் மனைவி சிரித்தாள்.

இரு நஞ்சுகளும் ஜலத்தில் இல்லையென்று சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே சென்னைக் கொளத்தூரில் இரண்டு மீன்கள் வாங்கினோம். பையை இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்க விட்டு, வெப்பம் சமமானதும், தொட்டி ஜலத்தைச் சிறிது சிறிதாகப் பைக்குள் வார்த்தோம். பின்னர் மீன்களை மட்டும் வலையால் எடுத்து உள்ளே விட்டு, விளக்கை அணைத்தோம். அன்று உணவு இடவில்லை.

மீன்கள் செடி மறைவில் ஒதுங்கியவை, இரண்டு நாள் வெளியே வரவில்லை. "அப்பா, இவை விளையாடவே மாட்டாவா?" என்று கேட்டு, மகள் கண்ணாடியைத் தட்டக் கை ஓங்கினாள். "தட்டாதே, அம்மா. அவற்றிற்கு அது இடி முழக்கம்" என்றேன்.

அப்போது என் வகுப்பு நினைவு வந்தது. ஒரு வருஷம் நடுவில் வேற்றூரிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. மந்த புத்தி என்றார் ஒருவர். கர்வம் என்றார் இன்னொருவர். நான் அவளை எழுப்பிக் கேள்வி கேட்கவில்லை. சாதுவான ஒரு பெண்ணின் அருகில் இடம் மட்டும் கொடுத்தேன். ஐந்தாம் வாரம் அவளாகவே கை தூக்கினாள். அந்தக் கணக்கை அவளைத் தவிர வேறு எவரும் சரியாகப் போடவில்லை.

அமேஸான் நதியின் பிரானா மீனுக்கு உலகமெங்கும் கொடிய பெயர். வேட்டையாடவே அது கூட்டம் கூடுகிறதென்று பலரும் நம்பினார்கள். தன்னைத் தின்ன வரும் பிராணிகளுக்கு அஞ்சியே அது கூடுகிறதென்று 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. கூரிய பல் படைத்ததற்கே இவ்வளவு அச்சமென்றால், பல்லில்லா வாய் படைத்த தங்க மீனைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் நாள் இரண்டும் வெளியே வந்தன. வாரந்தோறும் ஜலத்தில் கால் பங்கை மாற்றும் வேலையை இப்போது மகளே செய்கிறாள். வீட்டிற்கு வரும் தோழிகளிடம் அவள் முதலில் சொல்வது, "தட்டாதீர்கள்" என்பதுதான்.