மண்டையோட்டுக்கு ஒட்டு

ஓட்டு வீட்டுல ஓடு உடைஞ்சா அன்னிக்கே மாத்திடலாம். மண்டையோடு அப்படியில்லை. அடிபட்டு மூளை வீங்கினா, வீக்கத்துக்கு இடம் விட எலும்புல ஒரு பகுதியை வெட்டி எடுத்துடுவாங்க. வீக்கம் வடிஞ்ச பிறகுதான் மூடுவாங்க. அதுவரை மூளைக்கு மேல தோல் மட்டும்தான் காவல்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் மூணு மாசம் அப்படி இருந்தார். தார் ரோட்டுல பரப்பியிருந்த கொள்ளுச் செடியில வண்டி வழுக்கிடுச்சு, ஹெல்மெட் இல்லை. பேச்சு திரும்பிடுச்சு, ஆனா தலையில உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். கொம்பு பட்டுடுமோன்னு மாட்டுக்கிட்டயே விடலை.

எதை வெச்சு மூடலாம்னு டாக்டர் விளக்கினார். யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

முதல்ல பார்க்கிறது சொந்த எலும்பு. ஆழ்குளிர்ல வைப்பாங்க, இல்லேன்னா அவரோட வயித்துத் தோலுக்கு அடியிலயே வெச்சுத் தைச்சிடுவாங்க. அளவு கச்சிதம், செலவு குறைவு. ஆனா சிலருக்கு, முக்கியமா குழந்தைகளுக்கு, திரும்ப வெச்ச எலும்பு கரைஞ்சுபோகும். மாப்பிள்ளைக்கு எலும்பே நொறுங்கிட்டதால அந்த வழி இல்லை.

அடுத்தது எலும்பு சிமெண்ட். பல்செட் செய்யிற அக்ரிலிக் வகை. மாவாட்டம் பிசைஞ்சு வடிவம் கொடுத்தா சூடு கிளம்பி, கொஞ்ச நேரத்துல இறுகிடும். மலிவு. பலமா அடிபட்டா உடையலாம்.

டைட்டானியம் வலை துருப்பிடிக்காது, உறுதியானது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கலாம். வெயிலும் குளிரும் சிலருக்கு உறைக்கும்.

பீக்னு ஒரு கெட்டி பிளாஸ்டிக். சி.டி. ஸ்கேன் பார்த்து, சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி செய்யிறது. விலைதான் எட்டலை.

ஹைட்ராக்ஸிஅபடைட் நம்ம எலும்புலயே இருக்கிற கனிமம். எலும்பு அதோட ஒட்டி வளரும். ஆனா எளிதா நொறுங்கும், பெரிய பள்ளத்துக்குத் தனியா தாங்காது.

எதை வெச்சாலும் சீழ் பிடிக்கிற ஆபத்து உண்டு. பிடிச்சா பெரும்பாலும் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

"மலிவா இருக்கிறதையே வெச்சிடலாம்ணா"ன்னா தங்கச்சி. டாக்டர், "இவர் என்ன வேலை செய்யிறார்?"னு கேட்டார். மாடு, மம்பட்டி, தினமும் மூட்டை தூக்குற வேலைன்னு சொன்னோம். டைட்டானியம்னு முடிவாச்சு. ரெண்டு கறவை மாடு அதுக்குப் போச்சு.

இப்ப உச்சி வெயில்ல தலை காந்துதுன்னு ஈரத் துண்டு கட்டிக்கிறார். மத்தபடி வேலைக்குக் குறையில்லை.

உங்க வீட்டுல இப்படி ஒரு நிலை வந்தா, ஆள் என்ன வேலைக்குத் திரும்பணும்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. இந்தப் பக்கம் வரும்போது ரோட்டுல செடி பரப்பியிருந்தா, இறங்கி வண்டியை உருட்டிட்டுப் போங்க.