வேதாளத்தின் கேள்வி

புதுதில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில், இரவு உணவு முடிந்ததும் பிள்ளைகள் மூவரும் என் படுக்கையில் வந்து அமர்வர். மூத்தவளுக்கு வயது 13, மகனுக்கு 9, கடைக்குட்டிக்கு 4.

மூவருக்கும் ஒரே கதை எங்ஙனம் பொருந்தும்? 1947இல் தொடங்கி இன்று நின்றுபோய்விட்ட ‘அம்புலிமாமா’வின் பழைய இதழ்களை என் தந்தையார் பைண்டு செய்து வைத்திருந்தார். அவற்றில் வந்த வேதாளக் கதைகளே கைகொடுத்தன. கடைக்குட்டிக்கு வேதாளம் முருங்கை மரம் ஏறினால் போதும். கதை நடுவிலேயே இரண்டு முறை ஏற்றிவிடச் சொல்வாள். மகன் மன்னனை முந்திக்கொண்டு விடையிறுப்பான். மூத்தவளோ தீர்ப்பையே ஏற்கமாட்டாள். மூன்று பேர் மணக்கப் போட்டியிட்ட பெண்ணின் விருப்பத்தை எவரும் ஏன் கேட்கவில்லை என்பாள். (நியாயமான கேள்விதான்.)

சென்ற மார்கழிக் குளிரில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. “அக்கா படிக்கட்டும்” என்று சின்னவள் நூலை நீட்டினாள். மூத்தவள் பக்கத்தைப் பார்த்தவாறே இருந்தாள். பள்ளியில் இந்தியிலும் வடமொழியிலும் நல்ல மதிப்பெண். தமிழெழுத்து மட்டும் தெரியாது. கோடை விடுமுறைதோறும் கற்பிப்பதாகச் சொல்லித் தள்ளிப்போட்டவன் நான். அலுவலகக் கோப்பு எதனையும் அவ்வாறு தள்ளிப்போட்டதில்லை.

“அக்காவுக்குப் படிக்கத் தெரியாதா, அப்பா?”

வேதாளத்தின் கேள்விக்காவது விக்கிரமாதித்தனிடம் விடை இருந்தது.

மறுநாள் மாலை நான்கு கோடு நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். மூத்தவளோடு மகனும் அமர்ந்தான். இப்போது இருவரும் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டுகின்றனர். சின்னவளுக்குத்தான் பொறுமையில்லை: “மரத்துலே ஏறிடுச்சா, இல்லையா?”